சோதனை வேளையில் யாரிடம் போவது?



லெந்து காலத்தின் முதல் ஞாயிறன்று நம் ஆலயங்களில் எந்தச் சுவிசேஷப் பகுதி வாசிக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். வனாந்தரத்தில் 40 நாள் உபவாசமிருந்த இயேசுவைப் பிசாசு சோதித்த வரலாறு அது. அதன்மேல் நாம் கேட்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அவர் வசனத்தைச் சொல்லி ஜெயித்தார், நாமும் வசனத்தைச் சொல்லி ஜெயிப்போம் என்பார்கள். அது உண்மைதான். பிசாசுக்கு அவர் கொடுத்த மூன்று பதில்களும் உபாகமத்தின் 6-ஆம், 8-ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. பசித்துக் கிடந்த வேளையில் அவர் கைநீட்டி எடுத்தது வேதத்தைத்தான். ஆனால் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டபடி பின்வரிசையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். வசனம் அவனுக்கும் தெரியும். போன வாரம் சொல்லியும் பார்த்தான். அப்படியும் விழுந்துவிட்டான். அவன் எழுந்து வீட்டுக்குப் போகும்போது எதைக் கொண்டுபோகிறான்?

அவனை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

எபிரெயருக்கு எழுதிய நிருபம் இயேசுவின் சோதனையை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. எழுதியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. வாசகர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது மட்டும் நிருபத்துக்குள்ளேயே தெரிகிறது. ஒரு காலத்தில் கிறிஸ்துவின் பெயருக்காக ஊரார் நடுவே ஏளனம் பட்டவர்கள். தங்கள் உடைமைகள் பறிபோனபோதும் சந்தோஷமாகச் சகித்தவர்கள். அந்த உற்சாகம் போய்விட்டது. சிலர் சபை கூடிவருவதையே விட்டுவிட்டார்கள். இரத்தம் சிந்தும் அளவுக்கு எதுவும் வந்துவிடவில்லை என்று எழுதியவரே சொல்கிறார். ஆனாலும் களைத்துவிட்டார்கள். பழைய வாழ்க்கைக்கே திரும்பிவிடலாமா என்ற எண்ணம் அவர்களைப் பிடித்து இழுக்கிறது. இவர்களிடம்தான் அவர் இரண்டாம் அதிகாரத்தின் முடிவில் சொல்கிறார்: இயேசு தாமே சோதனையின் நடுவில் நின்று அதன் வேதனையைப் பட்டவர், ஆகவே அதே இடத்தில் நிற்கிற உங்களுக்குக் கைகொடுக்க அவரால் முடியும்.

கவனியுங்கள். இயேசு ஜெயித்ததை முன்மாதிரியாகக் காட்டுவதற்கு முன், அவர் பட்ட வேதனையை உதவியின் காரணமாக நிருபம் காட்டுகிறது.

சோதனை என்றவுடன் நமக்குக் குடியும் இச்சையும் பண ஆசையும்தான் நினைவுக்கு வரும். அவை உண்டு. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் கையிலிருக்கும் செல்போன் உண்டு. சம்பள நாளில் வீட்டுக்குப் போகிற வழியிலிருக்கும் மதுக்கடை உண்டு. ஒரு கையெழுத்துக்காக மேஜைமேல் வைக்கப்படும் கவர் உண்டு. ஆனால் சத்தமில்லாமல் வரும் சோதனையும் இருக்கிறது. பிள்ளையின் சுகத்துக்காக ஆண்டுக்கணக்கில் உபவாசித்த தாய்க்கு, இனி ஜெபித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு மாலையில் தோன்றும். நேர்மையாக இருந்ததால் பதவி உயர்வை இழந்தவருக்கு, தேவன் இதையெல்லாம் பார்க்கிறாரா என்று தோன்றும். எபிரெய வாசகர்களின் சோதனை இந்த வகையைச் சேர்ந்தது. இவர்கள் பாவத்தைத் தேடிப் போகவில்லை. விசுவாசத்தைச் சுமந்து சுமந்து தோள் ஓய்ந்தவர்கள்.

இவர்களுக்கு நிருபம் காட்டும் உருவம் பிரதான ஆசாரியருடையது. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் ஆரோனுடைய உடையின் விவரம் இருக்கிறது. இரண்டு தோள்களிலும் இரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர்கள். மார்பிலே பன்னிரண்டு கற்கள். அவற்றிலும் அதே பெயர்கள். தேவ சந்நிதிக்குள் நுழையும்போது ஆரோன் ஜனங்களின் பெயர்களைத் தோளிலும் நெஞ்சிலும் சுமந்தே போகவேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் யார் நல்லவன், யார் தம்பியை விற்றவன் என்று பிரித்து வைக்கவில்லை. யூதாவின் பெயரும் இருந்தது, சிமியோனின் பெயரும் இருந்தது.

அந்தப் பழைய ஆசாரியர் ஜனங்களிடம் பொறுமையாக இருந்ததற்கு ஒரு காரணத்தை எபிரெயர் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அவரும் பலவீனர். ஜனங்களுக்காகப் பலியிடும் முன் தன் பாவத்துக்காகவும் பலியிட வேண்டியவர். சரி, இயேசு பாவமில்லாதவராயிற்றே? ஒருமுறையும் தோற்காதவருக்குத் தோற்றுக்கொண்டே இருப்பவனின் நிலை எப்படிப் புரியும்? இந்தக் கேள்வியை நாம் வெளியே கேட்பதில்லை. பக்திக்குறைவு என்று அடக்கிக்கொள்கிறோம். ஆனால் நம்மில் பலர் ஜெபத்தில் தயங்கி நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எபிரெயர் நிருபத்துக்கு 1889-இல் விரிவுரை வெளியிட்ட இங்கிலாந்து வேதபண்டிதர் வெஸ்ட்காட் இதற்கு ஒரு பதில் சொன்னார். சோதனையின் முழு பலத்தையும் அறிய முடிந்தவர் பாவம் செய்யாதவர் மட்டுமே என்பது அவர் கருத்து. யோசித்துப் பாருங்கள். சோதனை தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் இணங்கிவிடுகிறவனுக்கு ஆறாவது நிமிடத்தின் கனம் தெரியாது. ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து விழுந்தவனுக்கு இரண்டாவது மணி நேரம் எப்படியிருக்கும் என்று தெரியாது. நாம் எல்லோரும் ஏதோ ஓரிடத்தில் கையை விட்டவர்கள். அதற்கப்பால் என்ன இருக்கிறதென்று பார்த்ததேயில்லை. இயேசு கடைசி வரைக்கும் போனார். ஆகையால் நம் தோல்விக்கு முந்தைய ஒவ்வொரு நிமிடத்தையும் அவர் அறிந்திருக்கிறார். நமக்குத் தெரியாத அதற்குப் பிந்தைய நிமிடங்களையும் அறிந்திருக்கிறார்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. நம் சோதனைகளில் பல நம்முடைய கெட்டுப்போன ஆசையிலிருந்தே பிறக்கின்றன என்று யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். அப்படிப்பட்ட ஆசை இயேசுவுக்குள் இருக்கவில்லை. அவருடைய பசி குற்றமில்லாத பசி. சாவுக்கு அவர் கொண்ட நடுக்கம் குற்றமில்லாத நடுக்கம். அதனால் அவருடைய சோதனை லேசானது என்று நினைத்தால் கெத்செமனேவுக்கு வாருங்கள். தரையில் விழுந்து, அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்குமா என்று ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப வேண்டுகிறார். வியர்வை இரத்தத் துளிகளைப்போல் மண்ணில் விழுகிறது. பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் அவர் ஜெபித்ததை எபிரெய நிருபமும் நினைவுகூர்கிறது. பரலோகத்திலிருந்து ஒரு தூதன் வந்து அவரைப் பலப்படுத்தினான் என்று லூக்கா எழுதுகிறார். வனாந்தரத்திலும் தூதர்கள் வந்து அவருக்குப் பணிவிடை செய்தார்கள். தேவகுமாரன் உதவி தேவைப்படும் நிலைக்கு இறங்கினார், உதவியை ஏற்றுக்கொண்டார். மூன்று நண்பர்களை அருகில் அழைத்து, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்கவும் செய்தார். அவர்கள் தூங்கிப்போனார்கள். தனிமையில் சோதிக்கப்படுவது என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நிருபம் ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் என்ன செய்தது என்று சொல்கிறேன். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். ‘மோட்சப் பிரயாணம்’ எழுதிய ஜான் பன்யன். நம் பாளையங்கோட்டை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அந்த நூலை அடியொற்றித்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார்; 1894-இல் அது வெளிவந்தது. ஆகவே பன்யன் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்நியர் அல்ல. ஆனால் ‘மோட்சப் பிரயாண’த்தைப் படித்த பலர், அதற்கு 12 ஆண்டுகள் முன்னால், 1666-இல், அவர் எழுதி வெளியிட்ட தம் சொந்த ஆத்தும வரலாற்றைப் படித்ததில்லை.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் நகரத்துக்கு அருகே எல்ஸ்டோ என்ற கிராமத்தில் 1628-இல் பிறந்தவர் பன்யன். பாத்திரம் பண்டங்களுக்கு ஒட்டுப்போடுவது அவர் தொழில். அவர் திருமணம் செய்தபோது வீட்டில் ஒரு தட்டும் கரண்டியும்கூட இல்லை என்று அவரே எழுதுகிறார். கிறிஸ்துவை அறிந்து, அவரை நேசிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு சோதனை வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்று உள்ளே ஒரு குரல். எதற்காக விற்பது, யாரிடம் விற்பது என்பதெல்லாம் கிடையாது. விற்றுவிடு என்பது மட்டும்தான். ஏறக்குறைய ஓராண்டு காலம் இது அவரை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வரும். ஒரு குச்சியை வெட்டிக்கொண்டிருக்கும்போது வரும். ஆயிரம் உலகங்களைக் கொடுத்தாலும் விற்கமாட்டேன் என்று பதில் சொல்லிச் சொல்லி, யாரையோ தள்ளுவதுபோல் கையாலும் முழங்கையாலும் தள்ளுவாராம்.

ஒரு நாள் காலை படுக்கையில் இருந்தபடியே போராடிக் களைத்துப்போனார். அந்தக் களைப்பில், கிறிஸ்து போக விரும்பினால் போகட்டும் என்ற எண்ணம் ஒன்று தம் இருதயத்தைக் கடந்து போனதாக உணர்ந்தார். அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஆனால் பன்யன் தாம் விழுந்துவிட்டதாக நம்பினார். அன்றுமுதல் ஒரு வசனம் அவரைத் துரத்தியது. எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தில் ஏசாவைப் பற்றி வருகிற இடம். ஒருவேளை உணவுக்குத் தன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றவன், பிறகு கண்ணீர்விட்டுத் தேடியும் பெறவில்லை என்கிறதே, அந்த இடம். ஏசாவைப்போல் நானும் விற்றுவிட்டேன், எனக்கும் திரும்பும் வழி இல்லை என்று முடிவுசெய்துகொண்டார்.

இந்த நிலையில் அவர் உதவி தேடிப் போகிறார். அனுபவமுள்ள ஒரு வயதான விசுவாசியிடம் மனதைத் திறந்து, பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயப்படுகிறேன் என்று சொல்கிறார். அந்தப் பெரியவர், தமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அந்தப் பெரியவர் கெட்டவரல்ல. நல்லவர் என்று அறிந்துதான் பன்யன் போனார். ஆனால் பிசாசோடு தாம் போராடிய அனுபவம் அவருக்குக் குறைவு என்பதைப் பிறகு பேசும்போது பன்யன் கண்டுகொண்டார். சோதனையின் ஆழத்தை அறியாதவருக்கு, அதில் கிடப்பவனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் போகிறது. எபிரெய நிருபம் சொல்கிற காரணம் இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. உதவி செய்ய முடிகிறவர் முதலில் அங்கே நின்றவராக இருக்க வேண்டும்.

பன்யனுக்கு விடுதலை ஒரே நாளில் வரவில்லை. கொஞ்சம் வெளிச்சம் வரும். மறுநாள் மறுபடியும் இருள். ஒருநாள் வயலோரமாக நடந்து போகையில், தம்முடைய நீதி பரலோகத்தில் இருக்கிறது, அது தேவனுடைய வலதுபாரிசத்திலுள்ள கிறிஸ்துவே என்ற உணர்வு அவர் மனதில் விழுந்தது. தம் மனநிலை நன்றாக இருந்தால் அந்த நீதி கூடுவதுமில்லை, மோசமானால் குறைவதுமில்லை என்று கண்டார். கால்களில் கட்டியிருந்த சங்கிலி கழன்றது என்கிறார்.

இன்னொரு மாலை நெருப்பருகே உட்கார்ந்திருந்தார். இயேசுவிடம் போகவேண்டும் என்ற நினைவு திடீரென்று உள்ளே எழுந்தது. இப்படி ஒரு வசனம் வேதத்தில் இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பன்யன் மனதில் ஒரு வேதபகுதி பாய்ந்து வந்து நின்றது. சீயோன் மலை, எண்ணற்ற தேவதூதர்கள், புது உடன்படிக்கையின் மத்தியஸ்தராகிய இயேசு என்று போகிற பகுதி. அது எங்கே இருக்கிறது தெரியுமா? எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தில். ஏசாவைப் பற்றிய வசனம் 17-ஆவது. இது 22-ஆவதிலிருந்து தொடங்குகிறது. நடுவே நான்கே வசனங்கள். மாதக்கணக்காக அந்த அதிகாரத்தின் வாசலிலேயே நின்று நடுங்கியவர், இன்னும் சில வரிகள் தாண்டிப் படித்திருந்தால் போதும். அங்கே இயேசு இருந்தார். அன்றிரவு சந்தோஷத்தால் தம்மால் தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

வேதத்தின் எச்சரிப்புகளை மழுப்ப நான் வரவில்லை. அவை வேண்டும். ஆனால் எச்சரிப்பின் வசனத்தில் நின்றுவிடாதீர்கள். அதை எழுதிய கையே, நம்மைக் கிருபாசனத்தண்டைக்கு வரச்சொல்லியும் எழுதியிருக்கிறது. அதுவும் தைரியமாக வரச்சொல்லி.

பன்யன் பிறகு தம் அனுபவத்தை ‘மோட்சப் பிரயாண’த்தில் இரண்டு இடங்களில் வைத்தார். ஒன்று மரண நிழலின் பள்ளத்தாக்கில். கதைநாயகன் கிறிஸ்தியான் இருட்டில் நடக்கும்போது, ஒரு தீய ஆவி பின்னால் வந்து காதில் தேவதூஷணமான வார்த்தைகளை முணுமுணுக்கிறது. அவை தன் சொந்த மனதிலிருந்தே வருகின்றன என்று எண்ணி கிறிஸ்தியான் துடிக்கிறான். எத்தனையோ உண்மையான விசுவாசிகளை இந்தத் தவறான எண்ணம் வதைக்கிறது. ஒரு கெட்ட நினைவு வந்த மாத்திரத்தில், நான் அசுத்தன், நான் மாய்மாலக்காரன் என்று தங்களையே தண்டித்துக்கொள்கிறார்கள். பன்யன் காலத்தவரான ஜான் ஓவன், சோதனையைப் பற்றி 1658-இல் வெளியிட்ட நூலில், சோதிக்கப்படுவது வேறு, சோதனைக்குள் பிரவேசிப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். கெத்செமனேயில் இயேசு சீடர்களை எச்சரித்தது இரண்டாவதைப் பற்றித்தான். முதலாவது அவருக்கே வந்தது.

இரண்டாவது இடம் வியாக்கியானியின் வீடு. சுவரோரமாக ஒரு நெருப்பு எரிகிறது. ஒருவன் இடைவிடாமல் அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறான். ஆனால் நெருப்பு அவியவில்லை. இன்னும் உயரமாக எரிகிறது. கிறிஸ்தியானுக்கு ஒன்றும் புரியவில்லை. வியாக்கியானி அவனைச் சுவரின் பின்புறம் அழைத்துப்போகிறார். அங்கே ஒருவர் கையில் எண்ணெய்ப் பாத்திரத்தோடு நின்று, மறைவாக, நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவரே கிறிஸ்து. அவர் ஏன் சுவருக்குப் பின்னால் நிற்கிறார் என்பதற்கும் பன்யன் விளக்கம் தருகிறார்: சோதிக்கப்படுகிறவனுக்கு, தனக்குள் கிருபை எப்படிக் காக்கப்படுகிறது என்பது அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை எழுதியவர் பெட்ஃபோர்ட் சிறையில் 12 ஆண்டுகள் இருந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீர் ஊற்றுகிறவனை அவர் நன்றாக அறிவார்.

சுவருக்குப் பின்னால் நடப்பதை ஓரிடத்தில் வேதம் நமக்கு வெளிப்படையாகக் காட்டுகிறது. லூக்கா 22-ஆம் அதிகாரம், கடைசி இராப்போஜனம். சீமோனே, சீமோனே என்று இயேசு பேதுருவை இரண்டு தரம் பெயர் சொல்லி அழைக்கிறார். சாத்தான் உங்கள் எல்லோரையும் கோதுமையைப்போல் புடைத்தெடுக்கக் கேட்டிருக்கிறான், ஆனால் உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன் என்கிற கருத்தில் பேசுகிறார். பேதுரு இன்னும் மறுதலிக்கவில்லை. சேவல் கூவ இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. தான் விழப்போவது பேதுருவுக்கே தெரியாது. சிறைக்கும் சாவுக்கும் தயார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு முன்பே ஜெபம் ஏறெடுத்தாயிற்று.

அந்த ஜெபத்தில் என்ன கேட்கப்படவில்லை என்பதையும் பாருங்கள். புடைக்கப்படாதபடி காப்பாற்றும் என்று அவர் கேட்கவில்லை. பேதுரு புடைக்கப்பட்டார். வேலைக்காரியின் ஒரு கேள்விக்கு முன் சரிந்தார். சத்தியம் பண்ணிச் சபிக்கவும் தொடங்கினார். அப்படியானால் ஜெபம் கேட்கப்படவில்லையா? கேட்கப்பட்டது. இயேசு திரும்பிப் பார்த்த ஒரு பார்வையில் பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதார். அந்த அழுகைதான் விசுவாசம் ஒழியவில்லை என்பதற்கு அடையாளம். நீ குணப்பட்டபின் உன் சகோதரரைத் திடப்படுத்து என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார். விழுகைக்கு முன்பே, எழுந்தபின் செய்யவேண்டிய வேலையையும் கொடுத்துவிட்டார்.

பிறகு அவர் பேதுருவை எப்படித் தேடினார் என்று சுவிசேஷங்களைக் கோத்துப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும். காலியான கல்லறையில் தூதன் பெண்களிடம் சீடருக்குச் செய்தி அனுப்பும்போது, பேதுருவின் பெயரைத் தனியாகச் சேர்த்துச் சொல்கிறான். மாற்கு மட்டும் அதைப் பதிவுசெய்கிறார். உயிர்த்தெழுந்த அன்றே இயேசு சீமோனுக்குத் தனியாகத் தரிசனமானார் என்று லூக்கா சொல்கிறார், பவுலும் சொல்கிறார். அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தைகூட எங்கும் எழுதப்படவில்லை. அதற்காக நான் தேவனைத் துதிக்கிறேன். தோற்றவனோடு அவர் பேசியது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். அதன்பின் கலிலேயாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, காலை உணவுக்கு அழைக்கிறார். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான். இரண்டையும் சொல்கிறவர் யோவான். மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை, என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று கேட்டு, மூன்று முறையும் தம் மந்தையை ஒப்படைத்தார்.

இந்தப் பேதுருதான் பிற்காலத்தில், பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித் திரிகிறான், எதிர்த்து நில்லுங்கள் என்று சபைகளுக்கு எழுதினார். அதற்கு முந்திய வரியில், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் போடுங்கள், அவர் உங்களுக்காக அக்கறைப்படுகிறவர் என்று எழுதினார். முற்றத்தில் கற்றதைத்தான் எழுதியிருக்கிறார்.

இப்படிப் பேசினால் ஒரு கேள்வி வரும். கிறிஸ்து இவ்வளவு இரக்கமுள்ளவர் என்று சொல்லிக்கொண்டே போனால், ஜனங்கள் பாவத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா? நியாயமான கேள்வி. தாமஸ் குட்வின் என்ற பியூரிட்டன் போதகர் 1651-இல் பரலோகத்திலிருக்கும் கிறிஸ்துவின் இருதயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எபிரெயர் 4-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனம் அதற்கு அடிப்படை. மகிமைக்குள் போய்விட்டவர் பூமியிலுள்ள நம்மை மறந்திருப்பாரோ என்ற பயத்துக்கு அவர் பதில் சொல்கிறார். பிள்ளைக்கு அருவருப்பான நோய் வந்தால் தகப்பன் அந்த நோயை வெறுக்கிறான். பிள்ளையிடமோ இரக்கம் இன்னும் கூடுகிறது. தம்முடையவர்களின் பாவத்தைக் காணும் கிறிஸ்து அப்படித்தான் என்பது குட்வினின் வாதம். அவருடைய கோபமெல்லாம் பாவத்தின்மேல் விழுகிறது, அதை அழிப்பதற்காக. அந்த இரக்கம் பாவத்தோடு சமாதானம் செய்துகொள்ளாது.

நான் கண்ட வரையில், கண்டிப்பான வார்த்தைக்குப் பயந்து இரகசியப் பாவத்தை விட்டவர்கள் குறைவு. பயம் அவர்களை இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. கர்த்தர் தங்களை இன்னும் விரும்புகிறார் என்று அறிந்தவர்களே வெளியே வருகிறார்கள்.

அவருடைய உதவி எந்த வடிவத்தில் வரும்? பவுல் கொரிந்தியருக்கு, தேவன் சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் வழியையும் உண்டாக்குவார் என்று எழுதினார். யோசேப்புக்கு அந்த வழி அவனுடைய கால்கள்தான். மேலாடையைப் போத்திபாரின் மனைவி கையில் விட்டுவிட்டு ஓடினான். சிலருக்கு அது சரியான நேரத்தில் நினைவுக்கு வரும் ஒரு வசனம். சிலருக்கு எதிர்பாராமல் வரும் ஒரு தொலைபேசி அழைப்பு. எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கேட்டுப் படுத்தபோது, அவருக்கு வந்த உதவி தூக்கமும் தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். களைப்பினால் வந்த சோதனைக்கு ஓய்வுதான் மருந்து என்பதைத் தேவன் அறிந்திருந்தார். குடியிலிருந்து மீளப் போராடுகிறவருக்கு மருத்துவரும் கூட நடக்கும் ஒரு குழுவும் தேவைப்படலாம். அவற்றை நாடுவது விசுவாசக்குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உதவியை ஏற்றுக்கொண்ட இயேசுவை நாம் பின்பற்றுகிறோம்.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கையே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தச் சோதனை மறுபடியும் வரும். வரும்போது, இது அடங்கட்டும், மனம் சுத்தமாகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். கை நடுங்கும்போதே, ஆசை எரியும்போதே அவரிடம் பேசுங்கள். ஆண்டவரே, எனக்கு இது வேண்டும்போல் இருக்கிறது, என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று உள்ளபடி சொல்லுங்கள். அவர் அதிர்ச்சியடைய மாட்டார். விழுந்துவிட்டால், அந்த இரவே திரும்புங்கள். ஏழு நாள் துக்கம் கொண்டாடி அதற்கு விலை செலுத்திவிட்டுப் போகவேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

சபையின் மூப்பர்களே, ஆயர்களே, வேதபாட ஆசிரியர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நம் கூட்டங்களில் ஜெயித்தவர்களின் சாட்சியை மட்டும் கேட்டுக் கேட்டு, போராடிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் துணிந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், பன்யனுக்குக் கிடைத்த பதிலைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழையுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள், கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். பிறகு, கிருபாசனத்தண்டைக்குத் தைரியமாக வரச்சொல்லும் எபிரெயர் 4-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள்.